சபையொழுக்கம் யாருக்காக?

ஊர்ப் பொதுக்காரியம் பேசக் கூடிய கூட்டமொன்றுக்குப் போய் வந்தவரை, "கூட்டம் எப்படி?" என்று வீட்டார் வினவினால், "நல்ல சண்டை, பார்க்கத்தான் வேண்டும்" என்று மறுமொழி கூறுவதை நாம் பலமுறை கேட்டிருக்கிறோம். நாடகம் பார்த்து வந்தவர் கூறும் மறுமொழி இது. கூட்டத்தில் என்ன தீர்மானித்தார்கள் என்று அடுத்துக் கேட்டால் பெரும்பாலும் விடை கிடைப்பதில்லை. யார் யாரை எப்படி ஏசினார் என்பது ஊர் முழுவதும் பரவுகிறது. எந்த ஒழுங்கைக்கு மதகு கட்டுவார்கள் என்பது எவருக்கும் தெரியாமற் போகிறது. ஆகவே, உள்ளூராட்சிக் கூட்டங்களில் நாம் ஒழுகவேண்டிய முறைமை பற்றி இவ்வாரம் சில சொல்ல விரும்புகின்றோம்.

காலமும் இதற்கு ஏற்றதே. 2023 மார்ச் மாதத்தில் பதவிக்காலம் முடிவுற்ற உள்ளூராட்சி மன்றங்கள் ஈராண்டுக்கு மேலாக உறுப்பினரின்றி, அலுவலர் பொறுப்பிலேயே நடைபெற்றன. 2025 மே 6 ஆந் திகதி 339 மன்றங்களுக்கு நடந்த தேர்தலின் பின்னரே மக்களாற் தெரியப்பட்டோர் மீண்டும் சபை மண்டபங்களில் அமர்ந்தனர். வடக்கிலும் கிழக்கிலும் போர்க்காலத்தில் பல்லாண்டுகளாகத் தேர்தலே காணாதிருந்த சபைகள் பல. கிராமச்சங்கமும் பட்டினசபையும் இருந்த நாளில் கூட்டம் நடத்திப் பழகிய பெரியோர் அருகி வருகின்றனர். 1987 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கச் சட்டத்தாற் பிறந்த பிரதேச சபைகளோ, பல ஊர்களில் இடையிடையே மட்டுமே உயிரோடு இருந்தன. ஆகலின், செம்மையாக நடக்கும் பொதுக்கூட்டமொன்றைக் கண்ணாற் காணாமலே வளர்ந்த இளைஞர் நம்மிடையே பலர். இது அவர்தம் குற்றமன்று. ஆயினும் குறை குறையே.

இனி, கூட்டமொன்றை மனத்தில் அமைத்துப் பார்ப்போம். சனசமூக நிலைய மண்டபம். மாலை ஐந்து மணி. வட்டாரத்திற்கென ஒதுக்கப்பட்ட பணத்தில் ஓர் ஒழுங்கையை மட்டுமே திருத்தலாம். திருத்த வேண்டியவையோ இரண்டு. ஒன்று, கடைச் சந்தியிலிருந்து செல்வது. அதில் வசிப்போர் செல்வாக்குள்ளவர். நால்வர் முன்வரிசையில் இருக்கின்றனர். மற்றையது பள்ளத்திற் செல்வது. மாரி வந்தால் வெள்ளம் வாசற்படியைத் தொடும். பிள்ளைகள் சப்பாத்தைக் கையிற் பிடித்துக்கொண்டு பாடசாலைக்குப் போவார்கள். அதில் வசிப்போருள் ஒரு விதவைத்தாய் மட்டும் வந்து கடைசி வாங்கில் இருக்கின்றார்.

கூட்டம் தொடங்குகின்றது. முன்வரிசையிலிருந்து ஒருவர் எழுந்து இருபது நிமிடம் பேசுகிறார். பேச்சில் முன்னைய தவிசாளரின் பிழைகள் வருகின்றன. தம் தகப்பனார் ஊருக்குச் செய்த தொண்டுகள் வருகின்றன. ஒழுங்கையும் இடையே வந்து போகின்றது. எதிர்க்கட்சிக்காரர் குறுக்கிடுகிறார். "உவருக்கு என்ன தெரியும்?" என்று ஒரு குரல், "நீ இரு" என்று மறு குரல். அரைமணி நேரம் அமளி. மணி ஆறரையாகிறது. விளக்கு வைக்க வேண்டுமே, பிள்ளைகள் தனியே இருக்கின்றனவே என்று அந்தத் தாய் எழுந்து போய்விடுகிறார். சந்தி ஒழுங்கையே திருத்தப்படும் என்று முடிவாகின்றது.

இங்கே எவரும் களவு செய்யவில்லை. பொய்க் கணக்கு எழுதவில்லை. ஆயினும் ஒரு தெருவிலுள்ள பிள்ளைகள் அடுத்த மாரியிலும் வெள்ளத்தில் நடக்கப்போகிறார்கள். காரணம் ஒன்றே: கூட்டத்தில் ஒழுங்கு இல்லை. ஒழுங்கில்லாத சபையில் நியாயம் வெல்வதில்லை, தொண்டையே வெல்கின்றது.

சபையொழுக்கம் என்பது பெரிய மனிதருக்கு மரியாதை செய்யும் சடங்கு என்று பலர் எண்ணுகின்றனர். உண்மை அதற்கு மறுதலையானது. பெரிய மனிதருக்கு ஒழுங்கு வேண்டுவதில்லை. ஒழுங்கு இருந்தாலும் இல்லாவிட்டாலும் அவர் குரல் கேட்கும். மெல்லிய குரலுடையவருக்கே ஒழுங்கு வேண்டும். முறைவைத்துப் பேசுதல், தலைவரை விளித்துப் பேசுதல், நேரம் வரையறுத்தல், எழுதி வைத்தல் ஆகிய யாவும் அந்தக் கடைசி வாங்குக்காக ஏற்பட்ட காவல்களே. இதனை மனத்திற் பதித்துக்கொண்டால் விதிகளெல்லாம் தாமாகவே விளங்கும்.

இருவகைக் கூட்டங்கள்

முதலில் ஒரு வேறுபாட்டை அறிதல் வேண்டும். சபை உறுப்பினர் மாதந்தோறும் கூடி நடத்தும் அமர்வு ஒன்று. ஊர்மக்களை அழைத்து அவர் கருத்தைக் கேட்கும் மக்கள் கூட்டம் மற்றொன்று. முதலாவதில் நாம் பார்வையாளர். அங்கே பேசும் உரிமை உறுப்பினருக்கே உண்டு. கைதட்டுதல், கூவுதல், உறுப்பினருக்குச் சைகை காட்டுதல் எதுவும் தகாது. ஆனால் அமைதியாக இருப்பவர் அங்கே பயனற்று இருக்கிறார் என்று எண்ணற்க. பத்துப் பேர் கையிற் குறிப்புப் புத்தகத்தோடு பின்னால் இருந்து கேட்கிறார்கள் என்று அறிந்தால், உறுப்பினர் நடையே வேறாகும். பார்வையாளரின் மௌனமும் ஒருவகைப் பேச்சே.

மக்கள் கூட்டத்திலோ பேசுதல் நம் உரிமை மட்டுமன்று, கடமையுமாகும். அங்கே வாய்மூடியிருந்துவிட்டுப் படலையடியில் நின்று குறை சொல்லுதல் நம்மவரிடத்து மலிந்த வழக்கம். படலையடியிற் சொன்னது எந்தக் குறிப்பிலும் ஏறுவதில்லை.

பேசுவோர்க்கு

பேச எழுமுன் கையை உயர்த்தித் தலைவரின் அனுமதி பெறுக. பேச்சு முழுவதையும் அக்கிராசனத்தில் இருப்பவரை நோக்கியே பேசுக. இதன் பயன் பெரிது. "நீர் சொல்வது பிழை" என்று எதிரிலிருப்பவரை நோக்கிச் சொன்னால் அது சண்டையின் முதற்படி. "தலைவர் அவர்களே, முன்னர் பேசியவரின் கணக்கில் ஒரு பிழையுண்டு என்று எண்ணுகிறேன்" என்று சொன்னால், பொருள் அதுவே. ஆனால் நெருப்பு இல்லை. சொல் நேரே போய்த் தாக்காமல் தலைவர் வழியாகச் சுற்றிப் போவதால் அதன் சூடு தணிகின்றது.

ஒரு தடவையில் ஒரு விடயமே பேசுக. நிகழ்ச்சி நிரலில் வீதி விளக்கு இருக்கும்போது மயானத்து மதிலைப் பற்றிப் பேசுவது, அடுத்தவர் சட்டியில் நம் அரிசியைப் போடுவது போன்றது, இரண்டும் வேகாது. நம் விடயம் நிரலில் இல்லையெனில், கூட்டத்திற்கு முன்னரே செயலாளருக்கு எழுதிச் சேர்த்துக்கொள்ளும்படி கேட்பதே முறை.

பேச வேண்டியதை வீட்டிலேயே ஒரு தாளில் எழுதிக்கொள்க. குறை யாது, எங்கே உள்ளது, எத்தனை குடும்பங்களுக்கு இடர், என்ன செய்தல் வேண்டும் என்னும் நான்கும் இருந்தால் போதும். "எங்கள் பக்கம் ஒரே இருட்டு" என்பதைவிட, "கோவிலடியிலிருந்து பாடசாலை வரை ஆறு கம்பங்களில் நான்கில் விளக்கில்லை" என்பது வலிமையுடையது. முன்னது புலம்பல், பின்னது செய்தி. செய்திக்கு மறுமொழி சொல்லியே ஆக வேண்டும்.

பணியாளரைப் பெயர்குறித்து இழித்துப் பேசுதல் கூடாது. குப்பை எடுக்க வராத நாளைக் கூறலாம். குப்பை எடுப்பவரைக் குப்பையாகப் பேசலாகாது. மறுமொழி சொல்ல உரிமையில்லாத ஒருவரைச் சபையில் வைத்துத் தாழ்த்துவது வீரமன்று.

தலைமை தாங்குவோர்க்கு

கூட்டத்தின் செம்மை பெரும்பாலும் தலைவர் கையிலேயே உள்ளது. குறித்த நேரத்தில் தொடங்குக. ஐந்து மணி என்று அறிவித்து ஆறு மணிக்குத் தொடங்குவது, ஐந்து மணிக்கு வந்தவருக்குத் தண்டமும் ஆறு மணிக்கு வந்தவருக்குப் பரிசும் கொடுப்பதாகும். பொன்னாடை, மாலை, வரவேற்புரை என்று முக்கால் மணி நேரம் கழிந்தால் அந்த நேரம் யாருடையது? வேலை முடித்து, அடுப்பை அணைத்து வந்த மக்களுடையது.

பேசியவரையே மீண்டும் அழையாது, பேசாதவரைத் தேடி அழைப்பது தலைவரின் தலையாய கடமை. "பின்னால் இருக்கும் அம்மா ஏதும் சொல்ல விரும்புகிறீர்களா?" என்ற ஒரு வினா, நாம் மேலே கண்ட கூட்டத்தின் முடிவையே மாற்றியிருக்கும்.

விளிக்கும் முறையிலும் கருத்து வேண்டும். ஒருவரை "மாஸ்டர்" என்றும், "டொக்டர் ஐயா" என்றும் அழைத்துவிட்டு, அவரோடொத்த வயதுடைய மற்றொருவரைப் பெயர் சொல்லி, "நீ என்ன சொல்லுறாய்?" என்று கேட்கும் தலைவர்கள் இன்றும் உளர். இந்த வேறுபாடு எங்கிருந்து வருகின்றது என்பதை நம் வாசகர் அறிவர். இருக்கையும் அத்தகையதே. சிலருக்குக் கதிரை, சிலருக்கு வாங்கு, சிலருக்கு மண்டப வாசல் என்று இருந்த காலம் நம் நாட்டில் நெடுங்காலம். பள்ளிக்கூடத்தில் எல்லாப் பிள்ளைகளும் சமமாக அமர்வதற்கே 1930 ஆம் ஆண்டை ஒட்டிய நாட்களில் யாழ்ப்பாணத்தில் பெரும் போராட்டம் நடந்தது. சாதி காரணமாகப் பொது இடங்களில் ஒருவரைத் தடுப்பதைக் குற்றமாக்கி 1957 ஆம் ஆண்டில் 21 ஆம் இலக்கச் சட்டம் வந்தது. சட்டம் வாசற் கதவைத் திறந்தது. உள்ளே வந்தவரை எங்கே இருத்துகிறோம், எப்படி அழைக்கிறோம் என்பது நம் பண்பைப் பொறுத்தது. சபையில் எல்லாருக்கும் ஒரே உயரக் கதிரை. எல்லாருக்கும் "அவர்கள்" என்ற ஒரே அடைமொழி. இதிற் குறைந்தது சபையன்று.

பெண்கள் பேசும்போது

2016 ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் உள்ளூராட்சி மன்றங்களில் நூற்றுக்கு 25 பங்கு பெண்களுக்கு ஒதுக்கிற்று. 2018 தேர்தலிலே அது முதன்முதலாக நடைமுறைக்கு வந்தது. ஆசனம் கிடைத்துவிட்டது. ஆனால் பெண் உறுப்பினர் எழுந்தவுடன் பக்கத்திலிருப்பவரோடு பேசத் தொடங்குவதும், "தங்கச்சி, இது உங்களுக்கு விளங்காது" என்று சிரிப்பதும் ஒழிந்தபாடில்லை. தண்ணீர்க் குழாய், குப்பை, வடிகால், முன்பள்ளி, சந்தை என்று பிரதேச சபையின் வேலைகளை எண்ணிப் பாருங்கள். இவற்றின் குறையை நாள்தோறும் முதலில் உணர்பவர் யார்? வீட்டை நடத்துபவரே. அவர் பேசுகையில் இடைமறிப்பவர், சபை அறிய வேண்டிய செய்தியையே மறிக்கின்றார்.

கூட்டம் வைக்கும் நேரமும் இதனோடு சேர்ந்ததே. பின்னேரத்தில் நெடுநேரம் இழுபடும் கூட்டத்திற்குத் தாய்மாரும் தூரத்தில் உள்ளவரும் வர இயலாது. மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்தைக் கேட்டு நேரம் குறித்தால் மண்டபம் நிறையும்.

மலையக வாசகர்க்கும் ஒரு சொல். தோட்டக் குடியிருப்புகளுக்குப் பணிசெய்யப் பிரதேச சபைகளுக்குச் சட்டத்தில் நெடுங்காலம் தடையிருந்தது. 2018 ஆம் ஆண்டுத் திருத்தம் அத்தடையை நீக்கியது. வாக்களித்தும் கேட்க முடியாதிருந்த பாதையையும் விளக்கையும் இன்று சபையிற் கேட்கலாம். கேட்பதற்குத் தமிழ் போதும். 1987 ஆம் ஆண்டின் பதின்மூன்றாம் திருத்தத்தின்படி தமிழும் அரசகரும மொழியே. சிங்களம் பேசுவோர் பெரும்பான்மையாக இருக்கும் சபையில், மொழிபெயர்த்துச் சொல்லும்வரை பொறுத்திருப்பது மற்றையோரின் ஒழுக்கம். தமிழர் பெரும்பான்மையாக உள்ள சபையில் அதே பொறுமை நமது கடன்.

எழுதாதது நடவாதது

கூட்டக் குறிப்பைப் பற்றி நம்மவர் காட்டும் அசட்டை வியப்புக்குரியது. கைகலப்புக்கு அணியமாக நிற்பவர்கூட, "இது குறிப்பில் எழுதப்பட்டதா?" என்று கேட்பதில்லை. ஆண்டுகள் கழிந்து பார்க்கும்போது, எழுதப்பட்டதே நடந்தது, எழுதப்படாதது நடவாதது. நாவன்மையாற் சபையைக் கலக்கியவரின் பேச்சு அன்றிரவே காற்றோடு போம்; முறைப்படி பிரேரித்து ஒருவர் ஆமோதித்த இரண்டு வரித் தீர்மானம் நிலைத்து நிற்கும்.

ஆகவே, கூட்டம் முடியுமுன் தீர்மானங்களை உரத்து வாசிக்கும்படி தலைவரைப் பணிவோடு கேட்பது நல்ல வழக்கம். யார் செய்வது, எந்தத் திகதிக்குள் என்பவையும் அதில் இருத்தல் வேண்டும். மனுக் கொடுப்பவர் இரண்டு பிரதி எழுதி, ஒன்றில் திகதியோடு அலுவலக முத்திரை பெற்று வைத்துக்கொள்க. மறுமொழி இல்லையெனில் கூச்சலிடத் தேவையில்லை. 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2017 பெப்ரவரி முதல் நடைமுறையில் உள்ளது. எழுத்தில் விண்ணப்பித்தால், தகவல் தருவதா இல்லையா என்ற முடிவை 14 வேலை நாட்களுக்குள் அறிவித்தல் வேண்டும். மேசையில் அடிக்கும் கையைவிட விண்ணப்பம் எழுதும் கைக்கு வலிமை அதிகம்.

கைத்தொலைபேசியைப் பற்றியும் ஒரு சொல். கூட்டத்தைப் படம்பிடிப்பது தவறென்று நாம் கூறவில்லை; பொதுக்காரியம் பொதுவில் தெரிவது நன்றே. ஆனால் ஒரு மணி நேரக் கூட்டத்தில் ஒருவர் வாய் தவறிய அரை நிமிடத்தை வெட்டியெடுத்து முகநூலில் ஏற்றுவது, அவர் மட்டுமன்றி அடுத்த கூட்டத்தில் பேச எண்ணியிருந்த பத்துப் பேரையும் ஊமையாக்கும். "வாய் தவறினால் உலகமே சிரிக்கும்" என்று அஞ்சுபவர் வாய் திறவார். முதலில் அஞ்சுபவர் மெல்லிய குரலுடையவரே.

மாணவர்க்கு

திருக்குறளில் 72 ஆம் அதிகாரம் அவையறிதல்; 73 ஆம் அதிகாரம் அவையஞ்சாமை. இரண்டும் அடுத்தடுத்து நிற்பதை மாணவர் கருதிப் பார்க்க வேண்டும். முன்னது இருக்கும் அவை எத்தகையது என அறிந்து சொல்லை அளக்கச் சொல்கின்றது. பின்னது அறிந்ததை அஞ்சாது சொல்லச் சொல்கின்றது. அவையறிதல் மட்டும் உடையவன் நாகரிகமாக வாய்மூடியிருப்பான். அஞ்சாமை மட்டும் உடையவன் அமளி செய்வான். இரண்டும் உடையவனே சபைக்கு உரியவன்.

இதைப் பழகும் இடம் பாடசாலை மாணவர் மன்றம். தலைவர், செயலாளர், சென்ற கூட்டக் குறிப்பு, பிரேரணை, திருத்தம், வாக்கெடுப்பு யாவும் அங்கே உண்டு. அதனை வெறும் பேச்சுப் போட்டியாக்கிவிடாது, உண்மையான காரியமொன்றை, நூலக நேரமோ குடிநீர்த் தொட்டியோ எதுவாயினும், அங்கே பேசித் தீர்மானிக்க ஆசிரியர்கள் இடங்கொடுத்தல் வேண்டும். தோற்ற பக்கத்தார் தீர்மானத்தை ஏற்று நடக்கப் பழகுவதே அங்கே கற்கவேண்டிய முதற் பாடம். பெற்றோர் தாம் போகும் கூட்டத்திற்கு வளர்ந்த பிள்ளைகளை ஒரு தடவையேனும் அழைத்துச் செல்க. வீடு திரும்பியதும், "யார் வென்றது?" என்று கேளாது, "என்ன முடிவாயிற்று?" என்று அவர்களைக் கேட்க.

இவ்வளவும் சிறிய காரியமென்று எவரும் எண்ணற்க. யாழ்ப்பாண மாநகர முதல்வர் பதவியில் இருந்தவருள் மூவர், 1975 இல் ஒருவரும் 1998 இல் இருவரும், கொலையுண்டனர். அம்மூவருள் ஒருவர் அந்நகரின் முதற் பெண் முதல்வர். குழாயையும் குப்பையையும் வீதியையும் பற்றிப் பேசும் ஓர் ஆசனத்தில் இருப்பதற்கே உயிரை விலையாகக் கொடுக்க வேண்டியிருந்த காலத்தை நாம் கடந்து வந்திருக்கிறோம். அஞ்சாமற் கூடவும், வேறுபட்ட கருத்தைச் சொல்லிவிட்டு அமைதியாக வீடு திரும்பவும் இன்று நம்மால் முடிகின்றது. இது எளிதிற் கிடைத்ததன்று. சொல்லாற் தீர்க்கும் இடத்தைச் சொல்லாலேயே கெடுத்துக்கொள்ளலாகாது.

அடுத்த கூட்டத்திற்கு அறிவித்தல் வந்தால் தவறாது செல்க. நேரத்திற்குச் செல்க. பேச வேண்டியதைச் சுருங்கப் பேசுக. பேசி முடித்தபின், பின்வரிசையில் யாரேனும் பேசத் தயங்கி இருக்கிறார்களா என்று ஒருமுறை திரும்பிப் பார்க்க. இருந்தால், "தலைவர் அவர்களே, அவர் ஏதோ சொல்ல விரும்புகிறார்" என்று எழுந்து சொல்லுக. நாம் சபையிற் பேசும் பேச்சுகளுள் அதுவே சிறந்ததாக அமைதலும் கூடும்.